மாமியார் அறை தாண்டி வாசல்

என் வீட்டு மேலதிகாரி அம்மாவுக்கு உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

மரங்களுக்கு எண் அடிக்க வந்திருக்கும் இந்தக் காட்டில் சிக்னல் கிடையாது. டவுனிலேயே போனில் இறக்கிவைத்த மேப்தான் வழி காட்டுகிறது. அதில் இடங்களுக்கெல்லாம் நம் வீட்டுப் பெயர்களையே குறித்து வைத்திருக்கிறேன். ஓடை குழாயடி, கூடாரம் வாசல், மூச்சுமுட்டும் மேடு உங்கம்மா அறை.

நேற்றுப் பனியில் வழி தெரியவில்லை. பயப்படாதே.

"எங்கய்யா இருக்கோம்?" என்றார் மேஸ்திரி.

"மாமியார் ரூம்லண்ணே. குழாயடி தாண்டினா வாசல்."

"பனி தலைக்கேறிருச்சாய்யா உனக்கு!"

மேப்பில் எங்களைக் காட்டும் நீலப்புள்ளியைப் பார்த்து நடந்து, சாப்பாட்டு நேரத்துக்குள் வாசலை மிதித்துவிட்டோம்.

ஒரு குன்றுக்கு மட்டும் இன்னும் பெயரில்லை. அது நம் கொல்லைக் கதவுக்கு இடப்பக்கம் வருகிறது; அந்த இடத்தில் என்ன இருந்தது? கண்ணை மூடினால் அங்கே மட்டும் பனியாக இருக்கிறது. உடனே எழுது. தபால் வண்டி ஹாரன் அடிக்கிறது.