போர்டிகோவில் நின்ற மாப்பிள்ளை

அந்தக் காரை வாங்கிவிட்டேன். செகந்திராபாத் பக்கம் போலாரத்தில், வேப்பமரங்களுக்கு நடுவே இருக்கும் ஓட்டு பங்களாவின் போர்டிகோவில் கித்தான் போர்த்தி நின்றதே, அதே வெள்ளைக் கார். போன செவ்வாய்க்கிழமை காகிதங்களில் கையெழுத்தானது. இப்போது அல்வாலில் நம் கடைக்கு முன்னால், பழைய பீரோக்களுக்கும் கூலர்களுக்கும் பக்கத்தில் நிற்கிறது. வருகிறவர்களெல்லாம் இதுவும் விற்பனைக்கா என்று கேட்கிறார்கள். கடை வாசலில் நிற்கும் ஒரு பொருளை விற்பதற்கில்லை என்று நான் சொல்வது இதுதான் முதல் தடவை. சொல்லும்போது நாக்கு கூசுகிறது.

கதவைத் திறந்தால் அந்துருண்டையும் பழைய ரெக்சினும் கலந்த வாசனை வருகிறது. "கல்யாணப் பொண்ணோட பீரோ மாதிரி மணக்குதுடா" என்று நீ சொன்ன அதே வாசனை. தினமும் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு முறை கதவைத் திறந்து மூடுகிறேன். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் கீல் இறுகியிருக்கிறது என்று சொல்லலாம் என்றிருக்கிறேன்.

முதன்முதலில் அங்கே நாம் போனது ஒரு பழைய ஃப்ரிஜ்ஜுக்காக. நான் ஃப்ரிஜ்ஜின் பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ போர்டிகோவில் கித்தானின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீளமான மூக்கு, அகலமான பின்சீட்டு, ஜன்னலில் சின்னத் திரைகூட இருந்தது. "சேட்டு, இங்க வாயேன்" என்றாய். ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில் ஒன்றாகக் கோலி ஆடிய காலத்தில் எனக்கு வேறு பெயர்கள் இருந்தன. கடை போட்ட அன்றிலிருந்து கிண்டலாக சேட்டு. "பாரு, வேலையும் செய்யல, வெளியவும் போகல. ரெண்டு வேளையும் தொடச்சு, போர்த்தி, நிழல்ல நிக்க வெச்சிருக்காங்க. வீட்டு மாப்பிள்ளைடா இது!" அன்றிலிருந்து அது நமக்கு மாப்பிள்ளை.

உன்னுடைய டிராலி ஆட்டோவில் வலப்பக்கம் நீ, இடப்பக்கம் நான், பின்னால் யாரோ ஒருவர் வீட்டுச் சோபா. அப்படியே முப்பது வருஷம் ஓடியது. ராணுவக் குடும்பங்களை நம்பிய பிழைப்பு. மாற்றல் உத்தரவு வந்தால் பத்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அவசரத்தில் விற்பார்கள், நாம் வாங்குவோம். அடுத்த மாதம் புதிதாக வருகிறவர்களுக்கு விற்போம். நமக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. விலை படியாவிட்டால் நான் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். உடனே நீ, "நக்கோ சேட், சலோ", வேண்டாம் கிளம்பு என்று வீடு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, கேட்டைத் தாண்டிப் போய் ஆட்டோவை ஸ்டார்ட் செய்வாய். அந்தச் சத்தம் கேட்டால் போதும். பத்துப் பேரில் ஒன்பது பேர் வாசல்வரை வந்து நம்மைக் கூப்பிடுவார்கள். "வாய் உன்னுது, கால் என்னுது" என்பாய்.

அந்தப் பத்தாவது ஆள் போலாரம் மேம்சாப்.

அவருடைய கணவர், ஓய்வுபெற்ற மேஜர், இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. காரைக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன், ஒரு லட்சத்து இருபதாயிரம் என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார். விலை நியாயமானது. எனக்குத் தெரியும். போகும் வழியிலேயே நீ சொன்னாய்: "இந்த ஒரு வாட்டி நம்ம வேலைய காட்டாதடா. எனக்குக் கால் வராது." ஆளுக்குப் பாதி போடுவது, நீ ஓட்டுவது, நான் உன் பக்கத்தில் உட்கார்ந்து வருவது, முதல் பயணம் ஜோலார்பேட்டைக்கு என்றெல்லாம் பேசி வைத்திருந்தோம்.

அவர் டீ கொடுத்தார். நான் எண்பது என்றேன். அவர் தலையசைக்கவில்லை. என் கை தானாகக் கண்ணாடிக்குப் போனது. நீ என்னைப் பார்த்தாய். கண்ணாலேயே வேண்டாம் என்றாய். நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நீ எழுந்தாய். "நக்கோ சேட்" என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம் மட்டும் கேட்டது.

மேம்சாப் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்: "ஃப்ரிஜ்ஜுக்கு இப்படிச் செய்தீர்கள், பரவாயில்லை. சாப்பாட்டு மேஜைக்குச் செய்தீர்கள், சிரித்துக்கொண்டேன். இது என் வீட்டுக்காரர் தினமும் துடைத்த வண்டி. வேண்டாம் என்று எழுந்து போகிறவர்களுக்கு இதை நான் கொடுக்க முடியாது." போய்க் கித்தானை இழுத்துப் போர்த்தினார். ஒரு பக்கம் சரியாக விழவில்லை. அதையும் தானே சரிசெய்தார்.

அல்வால் வந்து கடை வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, "நாப்பதாயிரம் மிச்சம் பண்ணிட்ட சேட்டு. ஹவ், ஆமாடா, கார்தான் இல்ல" என்றாய். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் குத்திக் காட்டவில்லை. "திரும்பிப் போய் ஒருவாட்டி கேளேன்" என்று மட்டும் எப்போதாவது சொல்வாய். "படி இறங்கினவன் மறுபடி ஏறினா விலை அவங்க கைக்குப் போயிடும். அவங்களே கூப்பிடுவாங்க, பாரு" என்பேன். ஒன்பது வருஷம் அதையே சொன்னேன். வியாபாரத்தில் என்னைக் காப்பாற்றிய பேச்சுதான் அது. இந்த ஒன்றில் மட்டும் கழுத்தை அறுத்தது.

பிறகு உன் சிறுநீரகம் படுத்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் உன்னை வீட்டிலிருந்து செகந்திராபாத் ஆஸ்பத்திரிக்கு என் சின்னக் காரில் கூட்டிப்போவேன். வழியில் அந்த பங்களா. ஒவ்வொரு முறையும் கேட் நெருங்கும்போது, "மெதுவா போடா, மாப்பிள்ளை இருக்காரான்னு பாக்கலாம்" என்பாய். நான் வேகத்தைக் குறைப்பேன். கித்தான் தெரியும். "இருக்காரு" என்பாய். நான் மறுபடி கியர் மாற்றுவேன். ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. நிறுத்தி இறங்கியிருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

நீ போய் ஒன்றரை வருஷம் கழித்து, சென்ற மாதம், மேம்சாப் கூப்பிட்டார். மகனிடம் புனேவுக்குப் போகிறாராம், சாமான்களைப் பார்க்க வரச் சொன்னார். போனேன். பீரோ, கட்டில், இரண்டு கூலர் எல்லாவற்றுக்கும் விலை பேசினேன். போர்டிகோ பக்கம் திரும்பவில்லை. வேண்டும் என்கிற பொருளைப் பார்க்கக் கூடாது என்பது பழக்கமாகிவிட்டது.

"உங்க பார்ட்னர் எங்கே? ஆட்டோ ஸ்டார்ட் பண்றவர்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

பிறகுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். அன்றைக்கு நாம் வந்துவிட்ட அடுத்த வாரமே நீ தனியாகத் திரும்பிப் போயிருக்கிறாய். மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். நிற்கிற வண்டி கெட்டுப்போகும் என்று சொல்லி, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு போய் ஸ்டார்ட் செய்து, பத்து நிமிஷம் ஓடவிட்டு, துடைத்து, போர்த்திவிட்டு வந்திருக்கிறாய். படுக்கையில் விழும்வரை. ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கப் போகிறேன் என்று நீ சொன்னதெல்லாம் இதுதானா?

"நீங்களே எடுத்துக்கோங்க, அதே விலைன்னு சொன்னேன்," என்றார் மேம்சாப். "வாங்க மாட்டேன்னுட்டார். 'சேட்டு வந்து தன் வாயால கேக்கணும், அதுவரைக்கும் வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க'ன்னார். அவருக்காக வெச்சிருந்தேன்னு பொய் சொல்ல மாட்டேன். எனக்கே விற்க மனசு வரல. ஆனா விற்கறதுன்னா உங்களைத்தான் முதல்ல கூப்பிடணும்னு இருந்தேன்."

மெதுவா போ என்று நீ சொன்னது காரைப் பார்க்க இல்லை. நான் நிறுத்துவேனா என்று பார்க்க.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். வேறு வழியில்லாமல்தான் துடைத்தேன். மேம்சாப் என் கையைப் பார்த்தார், பிறகு கேட்டைப் பார்த்தார். "இன்னிக்கு ஆட்டோ ஸ்டார்ட் பண்ண யார் இருக்கா?" என்றார். கேலியாகத்தான் சொன்னார்.

"யாரும் இல்ல, மேம்சாப். இந்தக் கார் எனக்கு வேணும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.

சாவி கைக்கு வந்ததும் நேராகப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். இந்தக் காரை நினைத்தபோதெல்லாம் ஓட்டியது நீதானே. கொஞ்ச நேரம் வலப்பக்கம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகு இறங்கிச் சுற்றிப் போய் ஸ்டீயரிங் பக்கம் உட்கார்ந்தேன். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற உன் மகளைக் கூப்பிட்டேன். "அங்கிள், இதுல ஏசி லேதா?" என்று தெலுங்கில் கேட்டாள். 'இல்லையா' என்று தமிழில் கேள் என்றேன். சிரித்தாள், கேட்கவில்லை. ஆனால் கிளட்சை நீ விடுகிற மாதிரியே விட்டாள். நாலு பழமும் ஒரே சீராக நசுங்கின.

இப்போதும் போலாரம் பக்கம் போனால் அந்த கேட் வரும்போது என் கால் தானாக ஆக்சிலரேட்டரை விட்டு எழுகிறது. போர்டிகோ காலி. காரே என் கையில் இருக்கிறது, இருந்தும் மெதுவாகத்தான் போகிறேன்.

படிந்த விலை: ஒரு லட்சத்து இருபதாயிரம், அன்று சொன்ன அதே தொகை. ஒரு ரூபாய்கூட நான் குறைக்கவில்லை. இன்றைய சந்தையில் இரண்டு லட்சத்துக்கு மேல் போகும் என்று அவரிடம் சொல்லவும் இல்லை, ரொம்பத் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதே. முழுப் பணமும் ஒரே தடவையில். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும், ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, நானே ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓடவிட வேண்டும்.