தோள் நோவையும் வாய்வு என்றார்கள், அக்கா

என் பாசமான அக்காவுக்கு,

உங்கள் மகள் தர்சினிக்குச் செவ்வாய்க்கிழமை வயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது. வயிற்றில் இருந்த பிள்ளை போய்விட்டது. தர்சினி உயிரோடு இருக்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிட்டேன். இனி மற்றதைக் கேளுங்கள்.

ஓம் அக்கா, அவள் உண்டாகியிருந்தாள். எனக்கும் தெரியாது. மூன்று மாதம் முடியும்வரை வெளியில் மூச்சு விடக்கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்பது அவளுடைய மாமியாரின் சட்டம். நம்முடைய வீட்டிலும் அப்படித்தானே இருந்தது? ஆனால் அன்புவழிபுரத்தில் அந்த மனுசி ஒரு படி மேலே போய்விட்டார். தர்சினிக்கு அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்து எடுத்தபோது, சந்தி மருந்துக்கடையில் வாய்வு என்று சொல்லிக் குளிசை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரர் அதே ஒழுங்கைக்காரர். நாள் தள்ளியிருக்கிறது என்று சொன்னால் பின்னேரத்துக்குள் கதை பரவிவிடும் என்று பயம். ஒளித்த வருத்தத்துக்கு அவர் எந்த மருந்தைக் கொடுப்பார்?

அன்று நான் இறக்கக்கண்டியில் கருவாடு நிறுத்துக்கொண்டு நின்றேன். தர்சினியின் போன் வந்தது.

"சின்னம்மா, எனக்கு ஒண்டுமில்லை, பயப்படாதேங்கோ."

நான் எதுவும் கேட்கவே இல்லை. கேட்குமுன்னே நல்ல சாமான் என்று சொல்லுகிறவனிடம், சாக்கை அவிழ்த்துப் பார்க்காமல் நான் வாங்கினதில்லை. தராசை அப்படியே விட்டுவிட்டு வானை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்கு வந்தேன்.

கதிரையில் முகம் வெளுத்துப்போய் இருந்தாள். கை தோளைப் பிடித்திருந்தது. என்ன பாரம் தூக்கினாய் என்று கேட்டேன். ஒன்றும் தூக்கவில்லை என்றாள். அதுவும் வாய்வுதான் என்றார் மாமியார். எழும்பப் பார்த்தவள் கண் இருட்டுகிறது என்று திரும்ப இருந்துவிட்டாள். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நெஞ்சு நோவை வாய்வு என்று சொல்லி, இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்து, எழும்பாமலே போனவர்தானே நீங்கள்? நம்முடைய ஆட்கள் எல்லா நோவுக்கும் ஏன் இந்த ஒரு பெயரையே வைக்கிறார்கள்?

மாதம் தள்ளியிருக்கிறதா, இரத்தம் பட்டதா என்று நேரே கேட்டேன். அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"மூண்டு மாசம் முடியட்டும் எண்டு இருந்தனாங்கள்," என்றார் அவர். "கொஞ்சந்தான் பட்டது. நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்கு ஏலாது மச்சாள். வானில ஏறுங்கோ."

கருவாட்டு மணத்துக்குள்ளேயே அவளைச் சாய்த்துக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன்: நாள் தள்ளியது, இரத்தம் பட்டது, ஒருபக்கக் குத்து, தோள் நோவு. ஸ்கான் எடுத்தார்கள். கரு கருப்பையில் தங்காமல் பக்கத்துக் குழாயில் தங்கி, அது வெடித்து வயிற்றுக்குள் இரத்தம் போய்க்கொண்டிருந்ததாம். உள்ளே சேருகிற அந்த இரத்தம்தான் தோளில் நோவாகக் காட்டுமாம். இன்னும் பிந்தியிருந்தால் உயிர் தப்பியிராது என்றார் டொக்டர்.

ஆரம்பத்தில் இரத்தம் பட்டால் எல்லாமே இப்படித்தானா என்று பிறகு கேட்டேன். இல்லையாம், சிலருக்குக் கொஞ்சம் பட்டு நின்றுவிடும், பிள்ளையும் நன்றாகப் பிறக்கும். ஆனால் எது எது என்று வீட்டில் இருந்து தீர்மானிக்க ஏலாது, வந்து காட்டவேண்டும் என்றார்.

இப்போது கஞ்சி குடிக்கிறாள். மருமகன் புல்மோட்டையில் இருந்து ஓடிவந்து கட்டிலடியிலேயே நிற்கிறான். மற்றக் குழாய் நல்லாக இருக்கிறது, இனியும் பிள்ளை கிடைக்கும் என்கிறார்கள். இப்படித் திரும்பவும் நடக்கலாம் என்றும் சொல்கிறார்கள். அந்தத் 'திரும்பவும்' என்னை விடுகுதில்லை அக்கா. அவள் மெல்ல "சின்னம்மா" என்றாலே எழும்பி ஓடிப்போய் நிற்கிறேன். நீங்கள் இருந்திருந்தால் உங்களிடமாவது சொல்லியிருப்பாளா?

வார்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து மாமியார் அழுதார். "நான் வேணுமெண்டே செய்தனான், மச்சாள்?" என்று கேட்டார். இல்லை என்றேன், உண்மையும் அதுதான். ஆனால் அழுகையோடு இதை விட்டுவிட நான் ஆயத்தமில்லை. அங்கேயே பேசி முடித்தேன்.

உங்கள் பிள்ளையை இனி நான் கண்ணுக்குள் வைத்திருப்பேன், இது என் வாக்கு. மாமியாரோடு பேசி ஒத்துக்கொண்டது இவ்வளவு: அடுத்த முறை ஊருக்கு மூன்று மாதம்வரை ஒரு சொல்லும் போகாது, அதற்கு நான் காவல். கர்ப்பிணிகளைப் பார்க்கிற குடும்பநல மிஸ்ஸுக்கும் டொக்டருக்கும் நாள் தள்ளின கையோடு சொல்லவேண்டும், அதற்கு அவர் பொறுப்பு. நோவோ இரத்தமோ மயக்கமோ வந்தால் தர்சினி ஆஸ்பத்திரிக்குப் போக யாரிடமும் உத்தரவு கேட்கத் தேவையில்லை.

உங்கள் தங்கச்சி,
தர்சினியின் சின்னம்மா