தாத்தாவின் கிண்ணம்

ஜனவரி 26

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் கைபேசி வெளிச்சத்தில் எழுதுகிறேன். இன்று அப்பா பள்ளிக்கூட வாசலுக்கே வந்து நின்றார், கையில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வாயில் குடி வாடை இல்லை. போன கோடையிலிருந்து இப்படித்தான். ஆனாலும் கதவு திறந்தால் முதலில் என் மூக்குதான் மோப்பம் பிடிக்கிறது. இந்தப் பழக்கம் எப்போது போகும்?

பிப்ரவரி 1

சந்திர மாதக் கணக்கில் இன்று புத்தாண்டு. இக்சான் ஊரில் பெரியப்பா வீடு. தாத்தா படத்துக்கு முன்னால் படைத்து, விழுந்து கும்பிட்டோம். படைத்த மதுவை வீட்டார் ஆளுக்கு ஒரு வாய் குடிக்க வேண்டும். அப்பா கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"இது குடியாடா தம்பி? நம்ம அப்பா குடுக்கற ஆசீர்வாதம். அதைப் போய் வேணாம்பியா?" என்றார் பெரியப்பா.

பெரியவர்கள் முன்னால் மதுவை முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் குடிப்பது வழக்கம். அப்பாவும் திருப்பினார். அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 5

அப்பாவின் மழைக்கால பூட்ஸுக்குள் பச்சை மதுப் புட்டி. காலி. அம்மாகிட்ட சொன்னா — இல்ல, சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 6

பயமா இருக்கு.

பிப்ரவரி 9

சாப்பிடும்போது அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "மறுபடியும் குடிச்சிட்டேன்."

அம்மா சூப் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "தெரியும். பூட்ஸ்ல பாத்தேன்."

அப்படியென்றால் மூன்று பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்! முன்பெல்லாம் நாங்கள்தான் கண்டுபிடிப்போம். அவர் வாயால் சொன்னதே கிடையாது. அழுதேன். சந்தோஷத்தில்தான் என்று நினைக்கிறேன். நாளை மறுபடி சிகிச்சைக்குப் போகிறார், அம்மாவும் கூடப் போகிறாள். நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை, ஆனாலும் நன்றி.

செப்டம்பர் 8

நாளை மறுநாள் அறுவடைத் திருநாள். மறுபடி அதே வீடு, அதே கிண்ணம்.

அப்பா பெரியப்பாவுக்கு போன் போட்டார். கதவைச் சாத்தவில்லை. "அண்ணே, அந்த ஒரு வாய்லதான் விழுந்தேன். இந்தத் தடவ எங்கிட்ட நீட்டாதீங்க" என்றார். பெரியப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

செப்டம்பர் 10

பெரியப்பாதான் ஊற்றினார். தாத்தா கிண்ணத்தில் வெள்ளைச் சோற்றுப் பருக்கைகள் மிதந்தன. மது இல்லை, இனிப்பு அரிசிப் பானம்!

"மாமாவுக்கு இனிப்பே ஆகாதே" என்று தாத்தா படத்தைப் பார்த்துப் பெரியம்மா முணுமுணுத்தாள்.

"சின்ன மகனுக்காகப் பொறுத்துக்குவாரு" என்ற பெரியப்பா, கும்பிட்டு முடித்ததும் அந்தக் கிண்ணத்தை அப்பாவிடம் நீட்டினார்.

அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். முகத்தைத் திருப்பாமல் குடித்தார்.