குடைக்குப் பின்னாடி ஒரு சத்தம்

மார்ச் 4

நம்ம தொங்குபாலத்து கேபிளுக்கு இன்னைக்கு ஸ்கேன். நெசமாத்தான். ஒரு பொண்ணு பெட்டியும் ஒயருமா வந்து கேபிள் முனையில ஜெல்லு தடவினா. வாட்ச்மேன் நான் சும்மா இருப்பேனா. "ஆணா பொண்ணாம்மா?"ன்னேன்.

நிமிராமயே, "இன்னும் மாசம் ஆகல தாத்தா"ன்னா.

பலே. இவளோட பொழுது போகும்.

கேபிளுக்குள்ள நெறைய கம்பிய முறுக்கி வெச்சிருக்காம். காதுக்குக் கேக்காத சத்தத்த ஒரு முனையில விட்டா கம்பி வழியா ஓடுமாம். எங்கயாவது அறுந்திருந்தா முட்டித் திரும்பி வருமாம்.

"கம்பி கட்டற கதையால்ல இருக்கு."

"நான் கம்பி எண்ணத்தான் வந்திருக்கேன் தாத்தா."

"இந்த வயசுல என்னம்மா குத்தம் பண்ணினே?"

சிரிச்சு ஜெல்லைக் கீழ கொட்டிட்டா.

மார்ச் 5

என் வீட்டுக் கெழவிக்குக் கவலை. அவ அக்கரை நர்சரியில ஆயா. தெனம் இந்தப் பக்கத்துப் புள்ளைங்களக் கயிறு புடிக்க வெச்சு பாலத்துல கூட்டிட்டுப் போவா. பாலத்த மூடினா பஸ்ஸுல சுத்திப் போகணும். பஸ்ஸுன்னா அவளுக்கு வாந்தி.

"கேபிள் மாப்பிள்ளை மாதிரி மின்னுது, எவன் மூடுவான்"னேன்.

மார்ச் 6

பெரிய எக்கோ வருதாம், சத்தம் முட்டித் திரும்புதாம், பாலத்து கேட்டச் சாத்தச் சொல்லிட்டா. என் நாற்காலிகிட்டயே. போய்ப் பாத்தா — என் குடை! குடை சொருக நான் கேபிள்ல முடுக்கி வெச்ச கிளாம்ப்ல முட்டித்தான் சத்தம் திரும்பியிருக்கு.

"உங்க குடையத்தான் கண்டுபிடிச்சிருக்கேன்"னு தலையில அடிச்சுக்கிட்டா. கழட்டினேன். "இப்ப தெறக்கலாமா?"

"இன்னொரு வாட்டி பாத்துடறேன்."

என்ன புடிவாதம். புள்ளைங்க கயித்தோட நிக்குதுங்க, கெழவி என்னய மொறைக்கறா.

பெரிய எக்கோ போயிருச்சு. அதுக்குக் கொஞ்சம் பின்னாடி சின்னதா ஒண்ணு. என் கிளாம்ப் சத்தம் அத மறைச்சிட்டிருந்துதாம்.

கேட்டுக்குப் பூட்டு.

மார்ச் 7

கெழவி பஸ்ஸுல போய்ட்டு வந்தா. என்கூடப் பேசல. நானா மூடினேன்?

மார்ச் 19

கேபிளக் கழட்டிப் பிரிச்சாங்க. வெளிய பளபளன்னு. உள்ள ஒரே துரு. கம்பிங்க பொக்கை வாய் மாதிரி. அங்கங்க அறுந்து, மிச்சம் தொட்டாலே உதிருது. இதுமேலயா அந்தப் புள்ளைங்க... என் கெழவி... போதும், எழுத வரல.

அந்தப் பொண்ணு பக்கத்துல வந்து, "உங்க குடையால இல்ல தாத்தா. தண்ணி எறங்கி ரொம்ப நாளாச்சு"ன்னா. நான் கேக்கவே இல்ல. எப்படித் தெரிஞ்சுதோ. நல்லா இருக்கட்டும், மகராசி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கெழவி அடுப்ப அணைச்சா. அப்புறம், "அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?"ன்னா.

மார்ச் 20

கெழவி அவளுக்கும் சேத்துக் கட்டிக் குடுத்தா. எனக்குக் கம்மி.

மே 2

ரெண்டு பக்கமும் புது கேபிள். காலைல தெறக்கணும்னு ஆபீசர் வந்து நின்னாரு. புள்ளைங்க வரிசையா ரெடி.

நான் சாவிய எடுக்கல. "ஸ்கேனம்மா வரட்டும்"னேன்.

"புது கேபிள்யா. எல்லா டெஸ்ட்டும் ஆச்சு"ன்னாரு.

"ஆகட்டும் சார். அவ ஒரு வாட்டி பாக்கட்டும்."

"நேரமாகுது, ஏன்தான் இப்படி மானத்த வாங்கறீங்களோ"ன்னு கெழவி பல்லக் கடிச்சா. அசையல.

வந்தா. தடவினா. ஸ்க்ரீனையே பாத்துட்டிருந்தா. நான் சாவிய எடுத்துக் கையில வெச்சுக்கிட்டேன்.

"நடுவுல எங்கயும் முட்டல தாத்தா."

கேட்டத் தெறந்தேன்.