ஒரு பிடி புட்டுக்குக் காத்திருந்த சிப்பாய்

மச்சான், ஒருவரும் நம்பமாட்டாத கதையொன்றை எழுதப்போகிறேன் என்று உன் முப்பத்தோராம் நாள் படையலின் முன்னால் கையடித்துச் சத்தியம் செய்தேன். என்னை நம்பாமல் இருப்பது உன் வீட்டாருக்குப் பழக்கம்தானே.

உனக்குப் படைக்க வாங்கிய வாழையிலையை ஒதுக்கிவிட்டு, உன் மனைவி அந்தப் பழைய பிரெஞ்சுப் பீங்கான் தட்டை எடுத்தாள். "அவர் இதிலைதான் சாப்பிடுவார்" என்றாள். நீலக் கரை, பாதி தேய்ந்த பொன்வரி, நடுவில் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சேற்றுப்பாதையில் தனியே நடக்கும் சிப்பாய்.

ஸ்டுட்கார்ட் பழஞ்சாமான் சந்தையில் நாங்கள் அதை வாங்கிய கதையை நான் எத்தனை விதமாக அளந்திருப்பேன். பிரெஞ்சுச் சக்கரவர்த்தி இதில்தான் புட்டுச் சாப்பிட்டாராம். புட்டு முடிந்த அன்றுதான் போரில் தோற்றாராம். மழைநாளில் தட்டுக்குள் சேறு மணக்கும் என்றும் சொன்னேன்.

உண்மையில் அன்று நீ அந்தச் சிப்பாயை விரலால் தடவிப் பார்த்தாய். "இவன் என்ரை தம்பியைப் போல இருக்கிறான்" என்றாய் கடைசியில். போருக்குப் போய், ஒரு தகவலும் இல்லாமல் போன தம்பி. தட்டைத் திருப்பிப் பின்னால் இருந்த பிரெஞ்சுப் பொன்னெழுத்தைக் காட்டி, என்னடா எழுதியிருக்கு என்று கேட்டாய். பாரிசில் மூன்று நாள் நின்ற பெருமைக்காரன் நான். தூதுவனைப் போலத் தொண்டையைச் செருமி, வீடு திரும்பும் சிப்பாய் என்று வாசித்தேன்.

"மெய்யாவோ?"

"ஓம் மச்சான். வீட்டைதான் போறான்."

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அவன் வாயருகே ஒரு பிடி புட்டை விட்டுவைத்துத்தான் எழும்புவாய். நடந்து வாறவனுக்குப் பசிக்கும் என்பாய். தட்டைக் கழுவவும் வேறொருவரை விடமாட்டாய். உன் புட்டில் கொழுத்து அவன் சட்டைப் பொத்தான் தெறித்து என் கண்ணில் பட்டது என்று பகிடி விட்டேன். எனக்குப் பிரெஞ்சில் ஓரெழுத்தும் தெரியாது என்ற உண்மையைச் சொல்லிவிட எத்தனையோ தடவை வந்தேன். அந்த ஒரு பிடியைக் கண்டதும் வாய் எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக, "அவன் வீட்டைதானே போறான்?" என்று கேட்டாய். கிட்ட வந்திட்டான் என்றேன்.

இன்று படையல் முடிந்து, பள்ளியில் பிரெஞ்சு படித்த உன் மகள் முதன்முதலாக அந்தத் தட்டைக் கழுவினாள். பின்னால் இருந்த எழுத்தை வாசித்துவிட்டு ஈரக்கையோடு வெளியே வந்தாள்.

"மாமா, உங்களுக்கு உண்மையாவே பிரெஞ்சு தெரியுமோ? அப்பாவுக்குச் சரியாத்தான் வாசிச்சிருக்கிறியள்."

தலையாட்டினேன். அழுதது வெங்காயத்தால் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன். பக்கத்தில் வெங்காயமே இல்லை.

உன் மனைவி தந்துவிட்ட தட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. இனி ஞாயிறுகளில் நான் இரண்டு பிடி விடவேண்டும், அவனுக்கொன்று, உனக்கொன்று.

சக்கரவர்த்தி பொய், சேற்றுமணம் பொய், பொத்தான் பொய், என் பிரெஞ்சு எல்லாவற்றிலும் பெரிய பொய். அந்தச் சிப்பாய் வீட்டுக்குத்தான் போகிறான் மச்சான். அது மட்டும் மெய்.