படையலுக்கு முன்னால் போட்ட ஊசி

என் பாசமுள்ள, பிடிவாதம் பிடித்த அண்ணாவுக்கு,

மறுபடியும் புரட்டாசி பிறந்துவிட்டது. வெள்ளானூரில் பெரியப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. எனக்குத்தான் 'கோவிந்தா' என்று யாராவது கூப்பிட்டாலே வயிறு எரிகிறது.

போன வருஷம் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை ஆவடி குவார்ட்டர்ஸுக்குக் கூட்டி வந்தபோது வலது கை வரவில்லை, பேச்சு குழறியது. மற்றபடி தேறிக்கொண்டுதான் இருந்தாய். உனக்குச் சர்க்கரையும் உண்டே; அது ஏறினால் ஆபத்து, இன்சுலின் ஊசியைத் தவறவிடக் கூடாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். போட்டதும் சாப்பிட வேண்டும் என்றும் சொன்னார்களாம். அண்ணிக்கு முதல் பாதிதான் மனதில் நின்றது. அவசர அவசரமாக வீட்டுக்கு அனுப்பியவர்கள் மறுபாதியை இன்னொரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா?

அந்தப் புரட்டாசிச் சனிக்கிழமை காலையிலேயே ஊசி போட்டாயிற்று. உனக்கோ படையல் போடாமல் பச்சைத் தண்ணீர் இறங்காது. கற்பூரம் காட்ட வேண்டிய பெரியப்பா வெயில் ஏறிய பிறகுதான் வந்தார். "ரெண்டு இட்லியாவது சாப்டுங்க" என்று அண்ணி கெஞ்சினாளாமே. தலையை ஆட்டி மறுத்தாயாமே. பெருமாள் வந்து உன்னிடம் கேட்டாரா, அண்ணா?

ஐயப்பன்தாங்கலிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது நீ வேர்த்து நனைந்திருந்தாய். என்னையே அடையாளம் தெரியவில்லை. "ஸ்ட்ரோக் வந்தவன் அப்டித்தான் ஒளறுவான்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா கற்பூரத்தைத் தேடினார். சர்க்கரை இறங்கினால் இப்படி ஆகும் என்று என் மாமியாரிடம் பார்த்திருக்கிறேன். சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுகர்காரனுக்கு சக்கரையா? உனுக்கு இன்னா, பைத்தியமா?"

"சக்கரை எறங்கிப்போச்சு பெரிப்பா, உடுங்க!"

விடவில்லை. நான் உதறிக்கொண்டு வருவதற்குள் விழுங்கக்கூட முடியாமல் உனக்கு நினைவே தப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நீ கண்ணைத் திறக்கவே இல்லை. அன்று சாயங்காலமே போய்விட்டாய்.

சாவு வீட்டில் பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "பொரட்டாசி சனிக்கெயமைல போய்ச் சேந்துட்டான், குடுத்து வச்சவன்." கொடுத்து வைத்தவனாம்! இரண்டு பிள்ளைகளையும் அண்ணியையும் விட்டுவிட்டு, பசித்த வயிற்றோடு போனவன் கொடுத்து வைத்தவனா?

இப்போது செய்தியைக் கேள். பெரியப்பாவுக்கும் பக்கவாதம். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் ஊசி. வருகிற சனிக்கிழமை படையல் முடியும்வரை வாயில் ஒன்றும் வைக்க மாட்டாராம். அவர் மகன் போனில் பெருமையாகச் சொல்கிறான். பட்டும் புத்தி வராத குடும்பம். பொய் சொல்ல மாட்டேன், 'கிடக்கட்டும்' என்றுதான் முதலில் தோன்றியது.

ஆனாலும் போகிறேன். ஊசி போட்ட கையோடு நானே இட்லியைப் பிட்டு ஊட்டப்போகிறேன். தட்டிவிட்டால் திட்டி ஊட்டுவேன். சாமி குத்தம் என்று யாராவது வாயைத் திறந்தால் அவர்களுக்கும் இருக்கிறது. நம் வீட்டில் இன்னொரு உயிர் இப்படிப் போக விடமாட்டேன், இது உன்மேல் சத்தியம். அன்றைக்குப் பெருமாளுக்கு இரண்டாம் பந்திதான்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் தங்கச்சி