கடைசி அறையின் இளம் ஊதா

இன்று காலை காட்சிக்கூடத்தில் அந்த நீளப் பெட்டியைத் திறந்தேன். மூடியை எடுத்ததும் அதே வாசனை. பழைய பட்டு, மழையில் நனைந்து காய்ந்த வாசல் இரும்புக் கேற் மாதிரி மணக்கும் என்று நீ சொல்வாய். அந்தக் காலத்தில் பட்டுத்துணியை எடைபோட்டு விற்றார்கள். கனம் கூட்டுவதற்காக உலோக உப்பில் ஊறவைத்தார்கள். அந்த உப்பின் மணமாகத்தான் இருக்கும் என்பது உன் ஊகம். அதே உப்புத்தான் இப்போது யாரும் தொடாமலே இழைகளை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் தரைவரை நீளும் இந்தச் சட்டையைச் சில காலம் காட்சிக்கு வைத்து, சில காலம் இருட்டில் படுக்கவைக்கிறோம். தூக்குவதற்கு இரண்டு பேர் வேண்டும். இன்று மறுபக்கம் பிடித்தவள் புதிதாக வந்த ஒரு மாணவி. கைப்பகுதியை எப்படித் தாங்குவது என்று பிரெஞ்சில் அவளுக்குச் சொல்லும்போது, உன் சொற்களையே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். "குழந்தையைத் தூக்கிற மாதிரி. தலையை விட்டிடாதை."

இளம் ஊதா. நீ கடைசியாகப் பார்த்ததைவிடச் சற்று வெளிறியிருக்கிறது.

நீயும் நானும் வரலாற்றுத் துறையில் ஒரே வகுப்பு. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய வியாபாரியின் கல்வீட்டைக் காட்சிக்கூடமாக்கி வைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு உடைகளை வருகிறவர்களுக்குக் காட்டிச் சொல்ல, வார இறுதிகளில் மாணவர்கள் தேவைப்பட்டார்கள். என்னைக் கேட்காமலே என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்து சொன்னாய். எனக்கோ வகுப்பில் கை உயர்த்தவே பயம். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். அங்கே இருக்கிற எல்லோருக்கும் ஏதோ ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் சொல்ல மறந்துவிட்டார்கள் என்ற எண்ணம் எப்போதும் இருந்தது. உன்னிடம் அதைச் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "நீ கதைக்க வேண்டாம். எனக்குப் பின்னால நாடாவை மட்டும் கட்டிவிடு. நான் கதைக்கிறன்" என்றாய்.

அப்படித்தான் நடந்தது. அந்தக் கால மாதிரியில் தைத்த உடையை உனக்கு இறுக்கிக் கட்டிவிட்டு, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நூறு வருடத்தையும் நீ உன் உடம்பிலேயே காட்டுவாய். முதல் அறையில் கையை நெஞ்சுக்குக் கீழே வைத்து, நூற்றாண்டு தொடங்கும்போது இடுப்பு இங்கே இருந்தது என்பாய். மெல்லிய வெள்ளை மஸ்லின், வங்காளத்திலிருந்து கப்பலேறி வந்தது, இந்த ஊர்க் குளிரில் அதைக் கட்டி மேலே ஒரு சால்வை. என் பக்கம் திரும்பித் தமிழில் மெதுவாக, "எங்கட சனத்துக்கு முதல் அந்தப் பக்கத்துத் துணி இங்க வந்து குளிரில நடுங்கியிருக்கு" என்பாய். வந்திருப்பவர்களுக்கு நீ ஏதோ முக்கியமான விவரம் கேட்கிறாய் என்று தோன்றும்.

அடுத்த அறையில் கை இடுப்புக்கு இறங்கும். சட்டைக் கைகள் தலையணை போல் ஊதும். அதற்கடுத்து, பாவாடைக்குள் கட்டும் எஃகு வளையக் கம்பிக் கூடு. பாவாடைக்குள் பாவாடையாக அடுக்கிச் சுமந்த பெண்களுக்கு அந்தக் கூடு ஒரு விடுதலையாகத்தான் இருந்தது என்று நீ சொன்னதும் எல்லோரும் நம்பாமல் பார்ப்பார்கள். பிறகு அந்த அகலம் முழுவதும் பின்புறம் போய்த் திண்டாகக் குவியும். கடைசியில் பாவாடை ஒடுங்கி, வேலைக்கும் படிப்புக்கும் போன பெண்களின் மேற்சட்டை வரும். மூலையில் நிற்கும் ஆண் பொம்மைகளை நீ அதிகம் கவனிப்பதில்லை. "பச்சை, நீலம் எல்லாம் போட்டுத் திரிஞ்சவை. நூறு வரியத்தில எல்லாரும் காகமாகிட்டினம்" என்று அவர்களை முடித்துவிடுவாய்.

ஒருநாள் தேநீருக்குப் பால் இல்லை என்று, பின்புறத் திண்டோடு அப்படியே தெருமுனைத் தெப்பனேர் கடைக்குப் போனாயே. கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "பொன்ஜூர் மதாம்" என்று சில்லறையைத் தந்தாராம். நூறு வருடம் பிந்தி வந்திருக்கிறேன், ஒரு மனுசனும் கவனிக்கவில்லை என்று நீ குறைப்பட்டது இன்னும் காதில் இருக்கிறது.

கடைசி அறையில்தான் உன் குரல் மாறும். அங்கே துக்க உடைகள். புருசனை இழந்தவள் முதலில் மினுக்கமே இல்லாத கறுப்பு, பிறகு கொஞ்சம் மினுங்கும் கறுப்பு, பிறகு சாம்பல், அதற்குப் பிறகு இந்த இளம் ஊதா. அரைத் துக்கம் என்று அதற்குப் பெயர். அது முடிந்தால் அவள் தன் பழைய நிறங்களுக்குத் திரும்பலாம். இதைச் சொல்லும்போது நீ யாரை நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

அன்ரி என்று நான் கூப்பிடும் உன் அம்மாவை வெள்ளையில் மட்டுமே பார்த்திருந்தேன். போரில் உன் அப்பா இறந்தபோது நீ நடக்கத் தொடங்கியிருந்தாய் என்று சொல்லியிருக்கிறாய். அன்ரிக்கு அப்போது, பல்கலைக்கழகத்தில் நமக்கிருந்த வயதுதான் இருந்திருக்கும். வேலைக்கு மட்டும் கறுப்புக் காற்சட்டை, அதற்கு மேலும் வெள்ளை ஸ்வெற்றர். கோயிலுக்கு வெள்ளைச் சீலை. கலியாண வீடுகளில் ஆகக் கடைசி வரிசை. படம் எடுக்கத் தொடங்கினால் சமையல் பக்கம் போய்விடுவார். நோத்ர-டாம்-த-கிரேஸில் இருந்த உங்கள் சின்ன அப்பார்ட்மென்ற் சுவரில் நீ வளர்ந்த ஒவ்வொரு வருடமும் இருந்தது. ஒரு படத்திலும் அன்ரி இல்லை.

நீ கேட்டது ஒன்றே ஒன்று. பட்டமளிப்பு நாளில் அம்மா ஒரு நிறச் சீலை கட்டி, உனக்குப் பக்கத்தில், முன்னால் நின்று ஒரு படம் எடுக்க வேண்டும்.

அதற்காகத்தான் அந்த இலையுதிர்காலத்தில் அன்ரியை இங்கே கூட்டிவந்தாய். கம்பிக் கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம், வாடகை மிச்சம் என்றார் அன்ரி. கடைசி அறைக்கு வந்ததும் நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிறங்களைச் சொன்னாய். அந்தக் காலத்து ஆங்கிலேய ராணி மட்டும் புருசன் செத்த பிறகு சாகும்வரை கறுப்பே கட்டினார் என்றும் வாய்தவறிச் சொல்லிவிட்டாய்.

"பாத்தியே. ராணிக்கே அப்பிடியெண்டா நான் ஆர்?"

"அவ தானா விரும்பிக் கட்டினவ அம்மா. மற்றச் சனத்துக்கு அந்தக் கறுப்புக்கு ஒரு முடிவு இருந்தது. எங்கட வெள்ளைக்கு முடிவில்லை."

"முடிவு வேணுமெண்டு நான் கேக்கேல்லையே, பிள்ளை" என்றார் அன்ரி. கோபமில்லாமல்தான் சொன்னார். நீ வேறு பக்கம் திரும்பி, கீழே விழாத ஒரு கையுறையை எடுப்பது போலக் குனிந்தாய்.

ஆனால் நீ விடவில்லை. முதலில் மெல்லிய கரை போட்ட வெள்ளை. மார்கழியில் ஒரு சாம்பல் நிறப் பருத்திச் சீலை. அன்ரி அதைக் கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போனபோது நீ குளியலறையிலிருந்து எனக்கு ரகசியமாகத் தொலைபேசி எடுத்து, "சாம்பலுக்கு வந்திட்டா" என்றாய். பரீட்சையில் உனக்குக் கிடைத்த எந்தப் புள்ளிக்கும் அப்படி ஒரு குரல் வரவில்லை.

தை மாதம் சீலைக்கடைக்குப் போனோம். உன் சின்னக் கமராவில் இந்தச் சட்டையின் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஊதாவோடும் ஒப்பிட்டாய். கலியாணத்துக்கோ தங்கச்சி என்று கடைக்கார அண்ணை கேட்டார். இல்லை, அரைத் துக்கத்துக்கு என்றாய். 

"அரைத் துக்கமோ? அப்ப மிச்ச அரை எங்க?"

"அது வீட்டில இருக்கு அண்ணை. அதைக் குறைக்கத்தான் இது."

வீட்டில் அன்ரி அந்தச் சீலையைத் தடவிப் பார்த்தார். வடிவாக இருக்கிறது, நீ கட்டு என்றார். உங்களுக்குத்தான் என்றபோது கையை எடுத்துக்கொண்டார். "இது கலர், பிள்ளை. பிறகு பாப்பம்." நீ வாக்குவாதம் செய்யாமல், இங்கே உடைகளை மடிப்பது போல, கோடு விழாதபடி இடையிடையே தாள் வைத்து மடிக்கத் தொடங்கினாய், பாதியில் தாள் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை அப்படியே அழுத்தி மடித்து அவருடைய அலுமாரியில் வைத்தாய். வெயில் வரட்டும் என்று என்னிடம் சொன்னாய்.

பங்குனியில், குளிர் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த ஒரு நாள், புரோசார்ட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு நீ திரும்பி வந்த கார் பனிக்கட்டியில் வழுக்கியது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

உன் இறுதிச் சடங்குக்கு அன்ரி தும்பைப் பூப் போன்ற வெள்ளையில் வந்தார். கரைகூட இல்லை. சாம்பல் நிறச் சீலை மடித்து ஒரு பையில் கதவுக்குப் பின்னால் இருந்ததை அன்று வீட்டில் பார்த்தேன். தானம் கொடுக்க வைத்திருந்தார்கள். நீ ஒரு குளிர்காலம் முழுக்க ஏற்றிய படிகளை அவர் ஒரே நாளில் இறங்கிவிட்டார்.

பட்டமளிப்பில் என் பெயரைக் கூப்பிட்டபோது மேடையேறினேன். உணவகச் சமையலறையில் வேலை செய்யும் என் அப்பா இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டில் எழுந்து நின்று கைதட்டினார். சாவு நடந்த துடக்கு வருடம் என்பதால் அன்ரி வரவில்லை. வெளியே புல்வெளியில் படம் எடுத்தார்கள். நான் நடுவில் நிற்கவில்லை. ஏன் ஓரத்திலே நிற்கிறாய் என்று என் அம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நீ போன பிறகு இங்கே பேச ஆளில்லை. அந்த அறைகளைப் பூட்டிவிடலாமா என்று பொறுப்பாக இருப்பவர் கேட்டபோது, நான் பேசுகிறேன் என்று என் வாய் சொல்லிவிட்டது. முதல் நாள், உன்னைப் போலக் கையை நெஞ்சுக்குக் கீழே வைத்தேன். பிறகு கை இறங்க இறங்கச் சொற்களும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் அன்ரியிடம் போய் இருப்பேன்.  அவர் தேத்தண்ணி போடுவார், நான் குடிப்பேன், செய்தி ஓடும். உன் பெயரை இருவரும் சொல்வதில்லை. உன் முதலாம் ஆண்டு நினைவான ஆட்டைத் திவசத்துக்குச் சில கிழமைகள் இருக்கும்போது ஒருநாள், கோப்பையைக் கழுவிக்கொண்டே, அந்தப் பழைய சட்டைகள் இருக்கிற வீட்டுக்கு இன்னொருக்கால் கூட்டிக்கொண்டு போவியா பிள்ளை என்று கேட்டார்.

அன்று அவருக்காக மட்டும், முதல் தடவையாக, எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். மஸ்லின், தலையணைக் கைகள், கம்பிக் கூடு. அவர் எதற்கும் சிரிக்கவில்லை. கடைசி அறையில், இந்தச் சட்டைக்கு முன்னால் நெடுநேரம் நின்றார்.

"இது துக்கத்துக்குக் கட்டுறதெண்டுதானே அவள் சொன்னவள்?"

"ஓம் அன்ரி."

"சந்தோசத்துக்குக் கட்டுறேல்லையே?"

இதற்கு ஓம் என்று சொல்லிவிடத்தான் மனம் சொன்னது. ஆனால் அந்த நூற்றாண்டின் நடுவில், காய்ச்சல் மருந்து செய்யப் போன ஒரு மாணவர் தற்செயலாக ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு, விருந்துக்கும் பெண்கள் இதைத்தான் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"சந்தோசத்துக்கும் சில பேர் கட்டினவை அன்ரி. ஆனா இந்தச் சட்டை துக்கத்துக்கெண்டே தைச்சது."

அன்ரி தலையசைத்தார். கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, "போதும், போவம்" என்றார்.

திவசத்தன்று கோயில் மண்டபத்தில் சாப்பாட்டுக்கு வாழையிலை போட்டுக்கொண்டிருந்தேன். பேச்சு சட்டென்று குறைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீ வாங்கிய சீலையில் அன்ரி வாசலில் நின்றார். நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது, கழுத்தும். சீலை மட்டும் இளம் ஊதா. நடந்து உள்ளே வந்து, கடைசி வரிசைக்குப் போகாமல், உன் படத்துக்குப் பக்கத்தில் முன்னால் போய் நின்றார்.

உங்கள் சொந்தக்காரப் பெண் ஒருவர் தாழ்ந்த குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, மகளின்ர திவசத்துக்கோ கலர் கட்டினனீர் என்று கேட்டார். அன்ரி அவரைப் பார்த்தார். சண்டைக்குப் போகிற பார்வை இல்லை.

"அவருக்கு நான் வெள்ளை கட்டினன். இது என்ர பிள்ளைக்கு."

 யாரோ சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்தார்கள். வந்திருந்தவர்களில் ஒருவர் கமராவை எடுத்தபோது அன்ரி சமையல் பக்கம் போகவில்லை. நீ கேட்ட படம் அதுதான். நீ நினைத்த மாதிரி இல்லை. ஆனாலும் அம்மா உன் பக்கத்தில்தான் நிற்கிறார். உங்கள் சுவரில் அது இப்போது கடைசிப் படம்.

பிறந்தநாள், திவசம் என்று உன் நாட்களில் எல்லாம் அன்ரி அந்தச் சீலையைத்தான் கட்டுகிறார். நீ தாள் இல்லாமல் அழுத்தி மடித்த இடத்தில், முந்தானைக்குக் குறுக்கே ஒரு கோடு விழுந்திருக்கிறது. ஒருமுறை நான் அயன் பெட்டியைச் சூடாக்கினேன். அன்ரி சீலையை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

இங்கே என் வேலை, எந்தத் துணியிலும் மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்வது. இன்றும் இந்தச் சட்டையைப் பொம்மையில் நிறுத்திவிட்டு, பெட்டியில் கிடந்த தாள்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டையாக்கினேன். சிலவற்றை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அன்ரியின் சீலையை மடிக்கும்போது வேண்டும். அந்தக் கோடு இருக்கும் இடத்தை விட்டு, மற்ற எல்லா மடிப்புக்கும்.